க்ரோக் நிலத்துச் சோளம்

காலை எட்டு அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. சரளைச் சாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே கர்ட் நீல்சனின் வெள்ளை பிக்கப் வந்தது.

டெல்மர் க்ரோக் தன் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான். நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சூ ஃபால்ஸ் நகரத்து மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். வண்டி அவனுடையது. ஓட்டியது மனைவி ஏவிஸ். அவளுடைய கார் ஆகஸ்டு கடைசியில் ஒரு மான் மேல் மோதியதிலிருந்து பட்டறையில் கிடந்தது.

வெள்ளை வண்டி நெருங்கியதும் டெல்மரின் விரல் தானாக எழுந்தது. ஓட்டுகிறவர்தான் தூக்க வேண்டும். எதிரே வருகிறவருக்கு வணக்கமாக, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், ஆட்காட்டி விரலை மட்டும். மெர்ரிட் கவுன்ட்டி வட்டாரத்தில் பேச்சுவார்த்தை அறுந்துபோனவர்கள்கூட அந்த ஒரு விரலைத் தூக்கிவிடுவார்கள்.

கர்ட் தூக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி போய்விட்டான்.

"பாக்கல போல," என்றான் டெல்மர்.

ஏவிஸ் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

அடுத்து பள்ளிப் பேருந்து. அதை ஓட்டுகிறவள் வேலியில் கட்டிய நாயைப் பார்த்தால்கூட விரல் தூக்குகிறவள். தூக்கவில்லை. அதற்கடுத்து ஒரு பால் லாரி. அதுவும் இல்லை. அப்போதுதான் டெல்மர் மனைவியின் கையைப் பார்த்தான். மூன்று வண்டி போயும் அவள் விரலும் ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை.

"நீ ஏன் தூக்கல?"

"வெயில் கண்ணுல அடிக்குது."

அவர்கள் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். வெயில் முதுகுப் பக்கம் இருந்தது.

இருபுறமும் மக்காச்சோளம். மற்றவர்கள் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். டெல்மரின் நிலத்தில் ஒரு வரிசைகூடக் குறையவில்லை. தட்டை காய்ந்து வெளுத்து, கதிர் கீழே தொங்கிக்கொண்டு நின்றது. ஒரு பெருங்காற்று போதும், படுத்துவிடும். படுத்த சோளத்தை எந்த இயந்திரமும் முழுதாக அள்ளாது. ஒரு வருஷம் அப்படியே மண்ணோடு போகும்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே கர்ட் போனில் சொல்லியிருந்தான்: அக்டோபர் மூணாவது சனிக்கிழமை எல்லாரும் மிஷினோடு வருவோம், நீ சன்னல் வழியா பாத்துக்கிட்டு இரு. ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் தங்கள் வயலை நிறுத்திவிட்டு வருவது இங்கே வழக்கம். டெல்மரும் பலருக்குப் போயிருக்கிறான். வருவார்களா என்று இதுவரை அவன் யோசித்துப் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை இந்த வாரம். இன்று செவ்வாய்.

கூட்டுறவு தானியக் கிடங்கின் வாசலில் ஏவிஸ் அவனை இறக்கிவிட்டு மருந்துக் கடைக்குப் போனாள். கிடங்கின் பின்னறையில் ஒரு நீளமேசை, ஒரு காப்பி இயந்திரம். தினமும் காலையில் தோல் குவளையில் பகடை குலுக்கி, தோற்றவன் எல்லாருக்கும் காப்பி வாங்குவான். டெல்மர் உள்ளே வந்ததும் குவளை நின்றது.

"வா வா," என்றார் ஆர்வில் ஸ்டாங். எண்பது வயது, கல்யாணம் ஆகாதவர், வாய் மட்டும் ஓயாதவர். "போன வாரமும் பேப்பர்ல சாவுப் பக்கத்துல உன் பேரைத் தேடினேன். காணல."

"உங்களை முன்னாடி அனுப்பி வெச்சுட்டுத்தான் நான் வருவேன்."

ஆர்வில் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கிடங்கை நடத்தும் லைல் தன் காப்பிக்குள் எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டெல்மர் சுவரைப் பார்த்தான். ஆகஸ்டில் கவுன்ட்டி ஆணையர்கள் கோர்ட் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். கரியமில வாயுவை மண்ணுக்கடியில் குழாய் பதித்து இந்தக் கவுன்ட்டி வழியாகக் கொண்டுபோக, நிலக்காரர்களிடம் கையெழுத்துக் கேட்டு ஒரு கம்பெனி வந்திருந்தது. அன்று எழுந்து நின்று, என் நிலத்தில் ஒரு முளை அடிக்க விட மாட்டேன் என்று சொன்னது டெல்மர்தான். வாரப் பத்திரிகை அவன் படத்தை முதல் பக்கத்தில் போட்டது. லைல் அதை வெட்டி இங்கே ஒட்டி வைத்திருந்தான். இப்போது அந்த இடத்தில் ஒட்டுநாடாவின் நான்கு துண்டுகள் மட்டும் இருந்தன.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வெச்சுக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டான். "ஈரம் காய்ஞ்சதும் ஆரம்பிச்சா சரியா இருக்கும்."

"காத்து எப்படின்னு பாப்போம்," என்றான் லைல்.

"காத்துக்கு முன்னாடி எடுக்கத்தானடா சனிக்கிழமை."

"அதான் பாப்போம்ங்கறேன்."

ஒருவன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். பன்றிக்குத் தீனி வைக்கணும் என்றான். அவன் பன்றி வளர்ப்பதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பிறகு இன்னொருவன். லைல் கல்லாப் பக்கம் போனான். ஆர்வில் மட்டும் இருந்தார்.

"என்ன நடக்குது இங்க?" என்று கேட்டான் டெல்மர்.

"உன் வண்டி செப்டம்பர்ல நல்லா ஊர் சுத்துச்சு."

"என்ன சொல்றீங்க?"

"மோட்டலுக்குப் பின்னால நின்னுச்சு. ஒரு தடவை இல்ல." குழாய்க் கம்பெனிக்காரர்கள் அந்தச் சாலையோர விடுதியில்தான் இரண்டு அறை எடுத்து அலுவலகம் போட்டிருந்தார்கள்.

"செப்டம்பர்ல நான் நெஞ்சைப் பொளந்து போட்டுக்கிட்டு படுத்திருந்தேன்."

"நீ படுத்திருந்த. வண்டி படுக்கலயே."

"சாவி வண்டியிலயேதான் கெடக்கும். உங்களுக்கே தெரியும். எவன் வேணா எடுத்திருக்கலாம்."

"எடுக்கலாம்," என்றார் ஆர்வில். "எங்க வண்டியிலயும் அப்படித்தான் கெடக்குது. ஆனா பாரு, சர்வேக்காரனுங்க கர்ட் நெலத்துல கால் வெச்சப்போ அவன் ஷெரிஃபைக் கூப்பிட்டு வெரட்டினான். உன் தென்கோடில அவனுங்க வண்டிக் கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு, பாட்டுப் போட்டுக்கிட்டு அளந்தானுங்க. கேக்க ஆளில்ல."

"எங்கிட்ட யாரும் சொல்லல."

"சொல்ல எதுக்கு? நீதான் உள்ள விட்டன்னு நெனச்சாங்க." கிழவர் குவளையைக் கவிழ்த்தார். பகடைகள் மேசையில் உருண்டன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. "வண்டியப் பாத்தா உன்னப் பாத்த மாதிரிதான்டா இங்க. அது புதுசா?"

புதிது இல்லை. அவனும் அப்படித்தான் பார்ப்பான். இந்தச் சாலைகளில் முகத்தை யார் பார்த்தார்கள்? வண்டியைப் பார்த்துத்தான் விரல் எழும்.

திரும்பும்போது டெல்மர் சொன்னான்: "டுவைட் வீட்டு வழியா போ."

டுவைட் ஏவிஸின் தம்பி. டெல்மர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாடுகளைப் பார்த்துக்கொண்டவன். தினமும் வீட்டு முற்றத்துக்கு வந்துபோனவன். குழாய் அவன் நிலத்தையும் தொட்டுத்தான் போக வேண்டும்.

"எதுக்கு?" என்றாள் ஏவிஸ்.

"பேசணும்."

அவள் உடனே வண்டியைத் திருப்பவில்லை. சந்தியில் எந்த வண்டியும் வராதபோதும் நின்றுகொண்டிருந்தாள். பிறகு திருப்பினாள்.

டுவைட் கொட்டகை முன்னால் ஒரு இயந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏவிஸ் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"என்ன மாமா, நடக்கறீங்களே," என்றான். "டாக்டர் விட்டாரா?"

"என் வண்டிய மோட்டலுக்கு ஓட்டிட்டுப் போனியா?"

டுவைட் நிமிர்ந்தான். அவன் பார்வை டெல்மரின் தோளைத் தாண்டி வண்டிக்குப் போய்த் திரும்பியது.

"நான் மாடு பாத்தேன். தண்ணி காட்டினேன். ஒரு கன்னு பொறந்துச்சு, அதையும் பாத்தேன். வண்டிய தொடல."

"அப்போ யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெனமும் வந்தியே. முத்தத்துல வண்டி நிக்குதா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியலயா?"

டுவைட் கையைக் கந்தலில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "வீட்டுக்குப் போங்க மாமா. நிக்காதீங்க. மூஞ்சி வெளுத்திருக்கு."

திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டான் டெல்மர். பொறந்ததிலிருந்தே இவனுக்கு அந்த முழிதான். வண்டியில் ஏறியதும் அதைச் சொன்னான். ஏவிஸ் ஹீட்டரைக் கூட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும் பாதை முனையில் இன்னொன்றைக் கவனித்தான். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அவன் தன் கையால் நட்ட பலகை இல்லை. குழாய் வேண்டாம் என்று சிவப்பெழுத்தில் எழுதிய பலகை. அந்தச் சாலையில் எல்லா வீட்டு முனையிலும் ஒன்று இருந்தது. அவன் வீட்டு முனையில் மட்டும் புல்லில் இரண்டு சிறு குழிகள்.

"பலகைய எவனோ பிடுங்கியிருக்கான்."

"காத்துல போயிருக்கும்," என்றாள் ஏவிஸ்.

காற்று நீல்சன் வீட்டுப் பலகையை விட்டுவிட்டு அவன் வீட்டுப் பலகையை மட்டுமா கொண்டுபோகும்? கர்ட்தான் பிடுங்கியிருப்பான். அதை வைத்திருக்க உனக்கு யோக்கியதை இல்லை என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறான். டெல்மர் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டால் சன்னலுக்குப் போனான். யார் வேகத்தைக் குறைக்கிறார்கள், யார் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்த்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதவர்கள்மேல் சந்தேகம் இன்னும் கூடியது.

வியாழக்கிழமை ஏவிஸ் கோழிகளைப் பார்க்கப் போன நேரத்தில் அவன் மெல்ல இயந்திரக் கொட்டகைக்கு நடந்தான். தன் அறுவடை இயந்திரத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஏறத்தான் கூடாது, தொடலாம். விதை மூட்டைகள் அடுக்கிய பலகைத் தட்டுக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

அவன் பலகைதான். முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தது. கம்பிக் கால்களில் மண் இல்லை. துணியால் துடைத்து, ஒன்றாக மடக்கி, அவிழாமல் கயிறு கட்டியிருந்தது.

கர்ட் பிடுங்கியிருந்தால் சாலையோரப் பள்ளத்தில் வீசியிருப்பான். டுவைட் என்றால் மண்ணோடு போட்டிருப்பான். பிடுங்கிய பொருளைக்கூடத் துடைத்து வைக்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

அவன் மூட்டைமேல் உட்கார்ந்தான். தையல் போட்ட இடம் இழுத்தது.

கேட்டுவிடலாம். கேட்டால் சொல்லிவிடுவாள், பொய் அவளுக்கு நிற்காது. வெயில் என்று சொன்னதே நிற்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டால் பிறகு எனக்குத் தெரியாது என்று அவனால் யாரிடமும் சொல்ல முடியாது. சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இடையில் இருந்தது. பலகையை இருந்தபடியே சாய்த்து வைத்துவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை கர்ட்டுக்குப் போன் செய்தான். அடுப்படியில் ஏவிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இருபது பேருக்குச் சமையல். டெல்மர் போனோடு வாசலுக்குப் போனான்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றான் கர்ட். "அவனுங்களுக்குக் கையெழுத்துப் போட்டியா?"

"போடல."

"நெசமா?"

"நான் போடல கர்ட்."

எதிர்முனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"சரி. நீ போடல," என்றான் கர்ட். 'நீ' என்பதில் கொஞ்சம் அழுத்தம் இருந்ததா என்று டெல்மர் பிறகு பலமுறை யோசித்தான்.

"நாளைக்கு?"

"பாக்கறேன்."

சனிக்கிழமை உறைபனி விழுந்திருந்தது. ஏவிஸ் விடிவதற்கு முன்பே பன்றித்தொடையை அடுப்பில் வைத்துவிட்டாள். சீஸ் போட்ட உருளைக்கிழங்கு இரண்டு தட்டு, ரொட்டி, ஊறுகாய், ஆப்பிள் பலகாரம். மாதாகோயில் மடக்கு மேசைகளைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டிருந்தாள். இப்படி ஒரு நாளில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு பாத்திரத்தோடு காலையிலேயே வந்து அடுப்படியை நிறைத்துவிடுவார்கள். ஒருத்தியும் வரவில்லை. ஏவிஸ் தட்டுகளை அடுக்கினாள்.

டெல்மர் சன்னலில் நின்றான். பனி உருகிச் சோளத் தோகைகளில் சொட்டியது. சாலை வெறுமையாக இருந்தது. மேற்கே மேகம் ஒரு கோடாக ஏறிக்கொண்டிருந்தது. அவன் மனதுக்குள் ஒவ்வொருவனாக எடுத்துப் பார்த்தான். லைல் வரமாட்டான். பன்றி இல்லாதவன் வரமாட்டான். கர்ட் வரவில்லை என்றால் யாரும் வரமாட்டார்கள். காற்று நாளைக்கு என்று வானொலி சொன்னது.

"வந்து உக்காரு," என்றாள் ஏவிஸ்.

"வரமாட்டானுங்க."

"டாக்டர் நிக்கக் கூடாதுன்னாரு."

அப்போது புழுதி தெரிந்தது. முதலில் ஒன்று என்று நினைத்தான். பின்னால் இன்னொன்று. பச்சையும் சிவப்புமாக அறுவடை இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கெரியத் தெரிந்தன. முன்னால் கர்ட். கடைசியில் தானிய லாரி ஓட்டிக்கொண்டு ஆர்வில். ஓட்டுநர் உரிமத்தைக் கண் மங்கியதற்காக அவரிடமிருந்து எப்போதோ வாங்கிவிட்டிருந்தார்கள்.

டெல்மர் சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டான். வந்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தான்.

ஒருவரும் வீட்டுப் பாதையில் திரும்பவில்லை. நேரே வயல் வாயிலுக்குப் போனார்கள். வழக்கமாக முதலில் முற்றத்துக்கு வந்து, காப்பி குடித்து, எவன் எந்தப் பக்கம் என்று சத்தம் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டு, அப்புறம்தான் இறங்குவார்கள். இன்று எங்கேயோ பேசி முடித்துவிட்டு வந்திருந்தார்கள். இயந்திரங்கள் வரிசை பிடித்துச் சோளத்துக்குள் இறங்கின.

மதியம்வரை அவன் வேலியோரம் நின்று பார்த்தான். நல்ல வேலை. ஓரங்களைக்கூட விடாமல் எடுத்தார்கள். தன் வயலில்கூட இவ்வளவு சுத்தமாக எடுக்காதவன் லைல். இன்று முனை முனையாகத் திருப்பி எடுத்தான். ஒரு இயந்திரமும் ஓட்டமாக ஓடவில்லை. அதுதான் டெல்மருக்கு உறுத்தியது. கோபத்தில் அரைகுறையாக எடுத்திருந்தால் சண்டை போடலாம்.

பிறகு எல்லாம் நின்றன. ஆட்கள் இறங்கினார்கள். லாரிகளின் பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்து காகிதப் பைகளைப் பிரித்தார்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாண்ட்விச்.

டெல்மர் தட்டைக்கட்டைகளை மிதித்து கர்ட்டிடம் போனான்.

"உள்ள வாங்கடா. ஏவிஸ் நேத்துலேர்ந்து அடுப்படியில நிக்கறா."

"தெரியுது. வாசனை இங்க வரைக்கும் வருது."

"அப்புறம் என்ன?"

"கட்டிக்கிட்டு வந்துட்டோம்." கர்ட் கையிலிருந்ததைக் காட்டினான். "வீணாப் போயிடும்."

"கர்ட், நான் போடலன்னு சொன்னேன்."

"சொன்ன. நம்பறேன்."

"நம்பறவன் வந்து சாப்பிடேன்டா."

கர்ட் மென்று விழுங்கினான். "குழாய் உன் தென்கோடிக்கு வந்துட்டா அடுத்து எங்க வரும்? என் கொட்டகைக்குப் பின்னாடி. உன் நெலம் நடுவுல நின்னதாலதான் அவனுங்க இத்தனை நாள் சுத்திக்கிட்டு இருந்தானுங்க. நீ போடல. உன் வீட்டுல ரெண்டு பேரு இருக்கீங்க, நெலத்துப் பத்திரத்துலயும் ரெண்டு பேரு." அவன் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. "எங்கிட்ட கேக்காத டெல். நீ வீட்டுல கேட்டியா?"

"எதுக்குடா அப்போ வந்தீங்க?"

"வர்றேன்னு சொன்னேன். வந்துட்டேன்."

காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு கர்ட் ஏணியில் ஏறினான்.

மேகம் தலைக்குமேல் வருவதற்குள் முடித்துவிட்டார்கள். கடைசி லாரி வெளியேறும்போது ஆர்வில் வண்டியை நிறுத்தினார். சன்னலை இறக்கினார். "தைச்ச எடத்தப் பாத்துக்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டெல்மர் வீட்டுக்குள் வந்தான். மேசைகளில் தட்டுகள் கவிழ்த்தபடி இருந்தன. ஏவிஸ் பன்றித்தொடையின் மேல் மறுபடி அலுமினியத் தாளைப் போர்த்திக்கொண்டிருந்தாள். தாளின் ஓரங்களை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஒரு கதிர் விடல."

"நல்லது."

அவன் தொப்பியைக் கழற்றவில்லை. "கொட்டகைல பலகையப் பாத்தேன்."

அவள் கை நின்றது.

"எப்போ?"

"வியாழக்கிழமை."

"அதுக்கு அப்புறமும் எங்கிட்ட கேக்கல."

"சோளம் இன்னும் வயல்ல நின்னுச்சு."

ஏவிஸ் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "தெனமும் அந்தப் பலகையத் தாண்டிப் போறப்ப வெக்கமா இருந்துச்சு. அதான் எடுத்தேன். என் காரு ஓடியிருந்தா அதுல போயிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"உனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

அவள் ஒரு தட்டை நேராக்கி வைத்தாள். "மொதல்ல என்னன்னு கேக்கத்தான் போனேன். கையெழுத்துப் போடலன்னா கோர்ட்டுக்குப் போவோம்னான் அந்த ஆளு. மரியாதையாத்தான் சொன்னான். கோர்ட்டுல போயி அத்தனை வக்கீல் முன்னாடி நான் ஒருத்தி நிக்கணும்னு நெனச்சேன்."

"ஒருத்தியா எதுக்கு? நான் இருக்கேனே."

"அன்னைக்கு இல்லயே."

"ஆஸ்பத்திரில இருந்தேன்."

"ரெண்டாவது தடவை உன்னை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனாங்க இல்ல. அன்னைக்குத்தான் போட்டேன்."

டெல்மர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். "நான் செத்துடுவேன்னு நெனச்ச."

"டாக்டரும்தான் நெனச்சாரு. அவருகிட்ட போயிக் கோவிச்சுக்கறியா?"

வெளியே முதல் காற்று வந்து கொட்டகைத் தகரத்தை ஒருமுறை அடித்துவிட்டு அடங்கியது. வயலில் சாய்வதற்கு எதுவும் இல்லை. ஏவிஸ் எழுந்து கவிழ்த்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"நீ செத்திருந்தா அத்தனை பேரும் உள்ள வந்து சாப்பிட்டிருப்பாங்க, இல்ல டெல்?"